எழுத்து போனாலும் சொல் போகாதது ஏன்?

எழுத்துகள் தாறுமாறாகக் கலைந்த ஒரு பத்தி, அதன் கீழே "இதைப் படிக்க முடிகிறதா? அதுதான் மூளையின் அதிசயம்!" என்று ஒரு வரி. இந்தச் செய்தி 2003 முதல் மின்னஞ்சலிலும், அப்புறம் செல்பேசிகளிலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு சொல்லின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் இடம் மாறாமல் இருந்தால் போதுமாம், நடுவில் எது எப்படிக் கிடந்தாலும் படித்துவிடலாமாம், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கண்டுபிடித்ததாம். கேம்பிரிட்ஜுக்கும் இதற்கும் தொடர்பில்லை. சொல்லுக்குள் எழுத்துகளின் இடம் மாறினால் வாசிப்பு என்ன ஆகிறது என்பதைப் பற்றி 1976-இல் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் கிரஹாம் ராலின்சன் என்பவர் முனைவர் பட்ட ஆய்வேடு எழுதினார். அதன் தொலைதூர எதிரொலிதான் இந்தச் செய்தி என்று சொல்லலாம்.

அது சொல்லும் விதி சரியா என்று நாமே பார்த்துவிடலாம்.

"பல்லைகக்கழகம்" என்பதைக் கொஞ்சம் தடுமாறியாவது "பல்கலைக்கழகம்" என்று படித்துவிடுவீர்கள். "பழக்லைககல்கம்" என்பதை? இதிலும் அதே ஒன்பது எழுத்துகள்தான். முதலில் "ப", கடைசியில் "ம்", இரண்டும் அதே இடத்தில். ஆனால் படிக்க முடியவில்லை. ஆக, முதலும் கடைசியும் போதும் என்பது உண்மையில்லை.

அப்படியென்றால் முதல் சொல்லை எப்படிப் படித்தோம்? இதற்கான விடை மூளையின் மாயத்தைவிட மொழியின் அமைப்பில்தான் அதிகம் இருக்கிறது. அந்த விடையைப் பிடித்துக்கொண்டால் குறுக்கெழுத்துப் புதிர் ஏன் சாத்தியமாகிறது, புள்ளி வைக்காத ஓலைச்சுவடியை எப்படிப் படித்தார்கள், ரகசியக் குறியீடு எப்படி உடைகிறது, புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கும் நீண்ட எண் எதற்கு என்பதெல்லாம் ஒரே நூலில் கோத்தது போல வரும்.

## ஆம், இல்லை விளையாட்டு

ஒருவர் மனதில் ஒரு சொல்லை நினைத்துக்கொள்கிறார். மற்றவர் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். பதில் "ஆம்" அல்லது "இல்லை" மட்டும்தான். எல்லோரும் ஒருமுறையாவது ஆடியிருக்கும் விளையாட்டு.

இதில் நல்ல கேள்வி எது? மிச்சமிருக்கும் வாய்ப்புகளைச் சரிபாதியாக வெட்டும் கேள்விதான். 32 சொற்களில் ஒன்று என்றால் முதல் கேள்வியில் 16 ஆகும், பிறகு 8, 4, 2, 1. ஐந்து கேள்வியில் முடிந்தது. இருபது கேள்வி கிடைத்தால் 10,48,576 சொற்களில் ஒன்றைக்கூடப் பிடித்துவிடலாம்.

இப்படிப் பாதியாக வெட்டும் ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதிலின் அளவுதான் பிட். அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1948-இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த அலகை வைத்துத் தகவலை அளக்கும் வழியைக் காட்டினார். தகவல் என்றால் அவருடைய கணக்கில் "நமக்குத் தெரியாமல் இருந்தது எவ்வளவு தெளிந்தது" என்பதுதான். அந்தச் சொல் ஆழமானதா அற்பமானதா என்ற பேச்சே இல்லை. தகவல் என்ற உடனே பொருள், அறிவு, கருத்து என்று மனம் ஓடிவிடுவதால்தான் இந்தத் துறையைப் பற்றிய பாதிக் குழப்பங்கள் வருகின்றன. நான் ஏற்கெனவே ஊகித்துவிட்ட ஒன்றை நீங்கள் சொன்னால், அது எவ்வளவு அழகான வாக்கியமாக இருந்தாலும், இந்தக் கணக்கில் அதன் தகவல் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான்.

## எழுத்துகளுக்கு அவ்வளவு சுதந்திரம் இல்லை

தமிழில் 247 எழுத்துகள். ஒரு கட்டத்தில் எந்த எழுத்து வேண்டுமானாலும் சமவாய்ப்போடு வரலாம் என்று வைத்துக்கொண்டால் அதைக் கண்டுபிடிக்க ஏறக்குறைய 8 கேள்விகள் வேண்டும். ஏனென்றால் எட்டு கேள்விகளால் 256 வாய்ப்புகள் வரை பிரித்தறியலாம்.

ஆனால் எந்த இடத்திலும் எந்த எழுத்தும் வந்துவிடுவதில்லை. ஒரு தமிழ்ச் சொல்லின் நடுவில் "க்" வந்துவிட்டது என்று வையுங்கள். அடுத்தது "க" வரிசையில் ஒன்றுதான்: பக்கம், அக்காள், சிக்கு. 247-ஆக இருந்த வாய்ப்பு ஒரே அடியில் 12-க்கு இறங்கிவிட்டது, நாலு கேள்வி போதும். "பக்தி" போல வடமொழியிலிருந்து வந்த சொற்கள் இதற்கு விலக்கு. "ங்" வந்தால் பெரும்பாலும் "க" வரிசை, "ஞ்" வந்தால் "ச" வரிசை, "ந்" வந்தால் "த" வரிசை. இலக்கணத்தில் மெய்ம்மயக்கம் என்று படித்துவிட்டு மறந்துபோகிறோமே, அந்தப் பகுதி முழுவதும் இதுதான். எந்த மெய்யை அடுத்து எது வரலாம், எது வரக்கூடாது என்ற பட்டியல் அது. "பழக்லைககல்கம்" நம்மை ஏன் தடுக்கிறது என்பதும் இப்போது புரிந்திருக்கும். அதில் "க்" அருகில் "லை" நிற்கிறது. கண் அங்கே முட்டிக்கொள்கிறது.

சொல்லின் தலைப்பக்கமும் இப்படித்தான். மெய்யெழுத்தில் சொல் தொடங்காது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகளிலும் பழைய தமிழ்ச் சொல் தொடங்காது. ரயிலும் லாரியும் பின்னால் வந்தவை. வாக்கிய அளவிலும் கட்டுப்பாடு உண்டு. "நான் வந்தேன்" என்பதில் "நான்" என்பதை அழித்துவிடுங்கள். "வந்தேன்" என்பதன் வால் யார் வந்தது என்று சொல்லிவிடுகிறது. ஒரே செய்தி இரண்டு முறை வருகிறது. "நான் வந்தாள்" என்று யாராவது எழுதினால் ஏதோ பிழை என்று உடனே தெரிவதும் அதனால்தான்.

இப்படித் தேவைக்கு மேல் சொல்லப்படும் பகுதிக்கு மிகைமை என்று பெயர். எழுத்துகள் முழுச் சுதந்திரமாக இருந்தால் எவ்வளவு தகவலைச் சுமக்க முடியுமோ, அதைவிட உண்மையில் எவ்வளவு குறைவாகச் சுமக்கின்றனவோ, அந்த இடைவெளிதான் அது.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: தகவலைக் கேள்விகளின் எண்ணிக்கையால் அளக்கலாம், மொழியின் விதிகள் நாம் கேட்க வேண்டிய கேள்விகளைக் குறைக்கின்றன, அந்தக் குறைவுதான் மிகைமை.

## எவ்வளவு மிகை?

ஷானன் இதை அளந்தும் பார்த்தார். 1951-இல் வெளியான கட்டுரையில் அவர் விவரிக்கும் சோதனை மிகவும் எளிமையானது. ஒருவருக்கு முன்பின் தெரியாத ஓர் ஆங்கிலப் பகுதியை எடுத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாக அடுத்தது என்ன என்று ஊகிக்கச் சொன்னார். தவறினால் சரியான எழுத்தைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். இடைவெளிகளையும் சேர்த்து 129 இடங்கள் கொண்ட ஒரு பகுதியில் 89 இடங்கள் முதல் ஊகத்திலேயே சரியாக வந்தன. தவறியவற்றில் நிறைய, சொல்லின் தொடக்கத்தில். சொல் பாதி வந்துவிட்டால் மீதி தானாக வருகிறது.

26 எழுத்தும் இடைவெளியும் சேர்ந்து 27 குறிகள். சமவாய்ப்பு என்றால் ஒரு குறிக்கு ஏறக்குறைய 4.75 பிட். நீண்ட பகுதியைப் படித்துக்கொண்டே வருபவருக்கு உண்மையில் வேண்டியது ஓர் எழுத்துக்கு 0.6 முதல் 1.3 பிட் வரை என்று அவர் மதிப்பிட்டார். அதாவது ஏறக்குறைய முக்கால் பங்கோ அதற்கு மேலோ மிகை என்று கொள்ளலாம்.

இந்த இடத்தில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். முக்கால் பங்கு மிகை என்றால் நாலு எழுத்தில் மூன்றை இஷ்டப்படி அழித்துவிட்டுப் படிக்கலாம் என்று அர்த்தமில்லை. கண்டபடி அழித்தால் எதுவும் மிஞ்சாது. மொழியின் விதிகளையும் வழக்கங்களையும் முழுவதுமாக அறிந்த ஒருவர், அந்த நூலை அதன் கால் பங்கு நீளத்துக்குச் சுருக்கி எழுதி, அதிலிருந்து முழு நூலையும் மீட்டுவிட முடியும் என்பதே பொருள். கணினியில் கோப்புகளைச் சுருக்கும் ஜிப் போன்ற மென்பொருள்கள் செய்வதும் இதைத்தான், அவ்வளவு திறமையாக இல்லாவிட்டாலும்.

## குறுக்கெழுத்து எப்படி ஒரு புதிராகிறது

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இது. ஆர்தர் வின் என்பவர் 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் இதழில் வைர வடிவக் கட்டத்தோடு வெளியிட்டதைத்தான் இன்றைய குறுக்கெழுத்தின் தொடக்கமாகச் சொல்கிறார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து ஷானன் தன் 1948 கட்டுரையில், தந்தி, தொலைபேசி பற்றிய கணக்குகளுக்கு நடுவே, இந்தப் புதிருக்கும் மிகைமைக்கும் உள்ள உறவைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறார்.

அவர் சொன்னது இது. ஒரு மொழியில் மிகைமையே இல்லை என்று கற்பனை செய்யுங்கள். அப்போது எந்த எழுத்துக் கூட்டமும் ஒரு சொல். கட்டத்தில் எதை நிரப்பினாலும் அது சரியான குறுக்கெழுத்து. புதிர் போடுபவருக்குச் சிரமமே கிடையாது, ஆனால் போடுபவருக்கு மட்டும்தான் மகிழ்ச்சி. மேலிருந்து கீழாக ஒரு சொல்லைக் கண்டுபிடித்தவருக்கு, இடமிருந்து வலமாக அதை வெட்டிப்போகும் சொல்லைப் பற்றி அந்த ஓர் எழுத்தைத் தவிர வேறு ஒன்றும் தெரியவராது. மற்றக் கட்டங்களில் எதுவும் இருக்கலாமே!

இப்போது எதிர்ப்பக்கம். மிகைமை மிக அதிகம் என்றால் செல்லுபடியாகும் சொற்கள் அரிதாகிவிடும். ஒன்றையொன்று வெட்டும்படி அவற்றைக் கட்டத்தில் பொருத்தவே முடியாது. மிகைமை பாதியளவு இருந்தால் பெரிய குறுக்கெழுத்துக் கட்டங்கள் அமையும் என்றும், மூன்றில் ஒரு பங்கு இருந்தால் நீளம், அகலம், ஆழம் என்று முப்பரிமாணத்தில்கூட அமைக்கலாம் என்றும் அவர் கணக்கிட்டார். புதிர் வாழ்வது இந்த இரண்டு ஓரங்களுக்கும் நடுவில்.

தமிழில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். "□ரம்" என்று ஒரு மூன்றெழுத்துச் சொல். மரம், வரம், கரம், தரம், உரம், சிரம், நேரம், தூரம், ஓரம், ஈரம், வீரம், பாரம், காரம்... போய்க்கொண்டே இருக்கிறது. குறிப்பு இல்லாமல் முடியாது. அல்லது குறுக்கே வரும் சொல் முதல் எழுத்தைக் கொடுக்க வேண்டும். "கு□ந்தை" என்றால்? ஒரு கட்டம்தான் இங்கேயும் காலி. ஆனால் குறிப்பைப் பார்ப்பதற்கு முன்பே "ழ" வந்து உட்கார்ந்துவிடுகிறது. குறுஞ்சொற்களில் மிகை குறைவு, நீண்ட சொற்களில் அதிகம். அனுபவமுள்ளவர்கள் நீண்ட விடைகளை முதலில் முயல்வதற்குக் காரணம் இருக்கிறது: ஒன்று விழுந்தால் அது வெட்டிப்போகும் பத்து குறுஞ்சொற்களுக்கு எழுத்துக் கொடுக்கும்.

தமிழில் கட்டம் அமைப்பவருக்கு ஆங்கிலத்தில் இல்லாத நெருக்கடி ஒன்றும் உண்டு. மேல் வரிசையில் "மரம்" என்று எழுதிவிட்டீர்கள். அந்த மூன்று கட்டங்களிலிருந்தும் கீழ்நோக்கிச் சொற்கள் தொடங்க வேண்டும். "ம" சரி. "ர" என்றால் ரகசியம், ரயில் என்று எதையாவது தேட வேண்டும். "ம்"? அதில் தொடங்கும் சொல்லே கிடையாது. அதன் கீழே கறுப்புக் கட்டம் வைப்பதைத் தவிர வழியில்லை. உயிரெழுத்து இன்னும் பிடிவாதம். "அ", "இ" போன்றவை பொதுவாகச் சொல்லின் முதலில்தான் தனியாக நிற்கும். அப்படியானால் இரண்டு சொற்கள் ஓர் உயிரெழுத்தில் வெட்டிக்கொண்டால், அது இரண்டுக்குமே முதல் எழுத்தாக இருந்தாக வேண்டும். புதிரை விடுவிப்பவர் இதைத் தெரிந்துவைத்திருந்தால் குறிப்பைப் படிக்காமலேயே பல எழுத்துகளை ஒதுக்கிவிடலாம். கீழ்நோக்கிச் செல்லும் சொல்லின் முதல் கட்டத்தில் நிற்கும் எழுத்து, அங்கே கிடைமட்டச் சொல்லின் நடுவில் இருந்தாலும், நிச்சயம் மெய்யாக இருக்காது.

## புள்ளி இல்லாத ஓலை

எழுத்தாணியால் ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அதை விட்டுவிட்டு எழுதுவது வழக்கமாக இருந்தது. "எ", "ஏ" வேறுபாடும் "ஒ", "ஓ" வேறுபாடும் பல சுவடிகளில் கிடையாது. சொற்களுக்கிடையில் இடைவெளியும் இல்லை. இன்று அச்சில் பழகிய நமக்கு நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது.

"வநதான" என்று இருந்தால் படித்துவிடுவோம். தமிழில் சொல் நடுவே "ந" வந்து அடுத்து "த" வந்தால் அது "ந்த" ஆகத்தான் பெரும்பாலும் இருக்கும். சொல்லின் விதியே புள்ளியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஆனால் "பொன" என்று இருந்தால்? "பொன்" ஆகவும் இருக்கலாம், "போன" ஆகவும் இருக்கலாம். சொல்லுக்குள் இதற்கு விடையில்லை, பக்கத்துச் சொல்லைப் பார்க்க வேண்டும். "பொன நகை" என்றால் ஒன்று, "பொன வாரம்" என்றால் இன்னொன்று. எழுத்து கைவிட்ட இடத்தில் சொல்லும், சொல் கைவிட்ட இடத்தில் வாக்கியமும் தாங்குகின்றன.

செய்யுளில் இன்னும் ஓர் அடுக்கு உண்டு. எதுகை அடிதோறும் இரண்டாம் எழுத்தை ஒத்துவரச் செய்கிறது. தளையும் சீரும் அசைகளை வரையறுக்கின்றன. பூச்சி அரித்த ஓர் இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று பதிப்பாசிரியர் தேடும்போது இவை வாய்ப்புகளை வெட்டிக் குறைக்கின்றன. யாப்பு அழகுக்காக மட்டுமே என்று நினைப்பவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். ஒரே நூலின் பல படிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் பார்ப்பதும் மிகைமையைப் பயன்படுத்துவதுதான். ஒரு சுவடி இழந்ததை இன்னொன்று வைத்திருக்கும்.

## ரகசியத்தைக் காட்டிக்கொடுப்பதும் அதுவே

ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக வேறோர் எழுத்தை வைத்து எழுதுவது மிகப் பழைய ரகசிய முறை. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளை இப்படி மாற்றிவைக்க இருக்கும் வழிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய 4-க்குப் பின் 26 சுழியங்கள். ஒவ்வொன்றாக முயன்றால் ஆயுள் போதாது. ஆனாலும் வாரப் பத்திரிகைப் புதிர் அளவுக்கு இது எளிதாக உடைகிறது. 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-கிந்தி வழியை எழுதிவைத்துவிட்டார்: மொழியில் எந்த எழுத்து அடிக்கடி வருகிறது என்று எண்ணு, ரகசிய எழுத்தில் எந்தக் குறி அடிக்கடி வருகிறது என்று எண்ணு, இரண்டையும் பொருத்து. முகமூடி போட்டாலும் நடை மாறவில்லை. ஷானனின் கணக்குப்படி, இப்படி எழுதிய ஆங்கிலச் செய்தி ஏறக்குறைய 30 எழுத்து நீளம் இருந்தால் போதும்; அதற்குப் பொருந்தும் விடை கொள்கை அளவில் ஒன்றுதான் இருக்கும்.

இதுவரை மூன்று வேலைகளைப் பார்த்தோம்: புதிரை விடுவிப்பது, சிதைந்ததை மீட்பது, மறைத்ததை உடைப்பது. மூன்றிலும் நடப்பது ஒன்றுதான். தெரிந்த பகுதி தெரியாத பகுதியின் வாய்ப்புகளைக் குறைக்கிறது.

## மிகை இல்லாத இடத்தில் மிகையைச் சேர்ப்பது

மெய்ப்புத் திருத்துபவர்களுக்கு மிகைமை ஒரு தொல்லையும்கூட. அடுத்து வரவேண்டிய எழுத்து மனதுக்கு முன்பே தெரிந்துவிடுவதால், அச்சில் அது விடுபட்டிருந்தாலும் கண் அதைப் பார்த்ததாகவே நினைக்கிறது. எழுதியவரே தன் பிழையைப் பார்க்கத் தவறுவது கவனக்குறைவால் மட்டும் அல்ல.

எண்களில் நிலைமை தலைகீழ். "குழந்தை" என்பதில் ஓர் எழுத்து தவறினால் தெரியும். 4827 என்பது 4877 ஆனால் எதுவும் உறுத்தாது. இரண்டுமே நல்ல எண்கள்தான். காசோலையில் தொகையை எண்ணால் எழுதிவிட்டு எழுத்தாலும் எழுதச் சொல்வது இந்தக் குறையை ஈடுகட்டத்தான்.

புத்தகங்களின் பின்னட்டையில் இருக்கும் ஐ.எஸ்.பி.என். எண்ணில் இதே வேலையைக் கடைசி இலக்கம் செய்கிறது. அந்த எண்ணில் 13 இலக்கங்கள். முதல் பன்னிரண்டில் ஒவ்வொன்றையும் மாறிமாறி 1-ஆலும் 3-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகையோடு பதின்மூன்றாம் இலக்கத்தையும் சேர்த்தால் 10-ஆல் மீதமின்றி வகுபட வேண்டும். அதற்கேற்ப வைக்கப்படும் இந்தக் கடைசி இலக்கத்துக்குச் சரிபார்ப்பு இலக்கம் என்று பெயர். புத்தகத்தைப் பற்றி அது புதிதாக எதுவும் சொல்வதில்லை. முழுக்க மிகை.

978316148410 என்ற பன்னிரண்டு இலக்கங்களுக்குக் கூட்டிப் பாருங்கள்: 9+21+8+9+1+18+1+12+8+12+1+0 = 100. ஆகவே சரிபார்ப்பு இலக்கம் 0. எண்ணை எழுதும்போது 6-க்குப் பதில் 7 என்று தவறினால் தொகை 103 ஆகிவிடும், பிழை பிடிபடும். ஏதாவது ஓர் இலக்கம் மட்டும் மாறினால் இது எப்போதுமே பிடித்துவிடும். எந்த இடத்தில் பிழை என்று மட்டும் சொல்லாது. அந்த வகையில் "கு□ந்தை" இதைவிடக் கெட்டி: இடத்தையும் காட்டும், மருந்தையும் தரும். இடத்தையும் காட்டித் திருத்தியும் தரும் எண்முறைகள் தனியாக உண்டு. 1950-இல் ரிச்சர்ட் ஹாமிங் வெளியிட்டது அவற்றில் முன்னோடி. க்யூஆர் குறியின் மிக வலுவான வகையில் ஏறக்குறைய 30 விழுக்காடு வரை சிதைந்தாலும் படித்துவிட முடிவது இந்த வழியில் வந்ததுதான்.

பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறுவது எண் எழுதுவோர் அதிகம் செய்யும் பிழைகளில் ஒன்று. மேலே உள்ள எண்ணில் 4, 8 என்பதை 8, 4 என்று மாற்றி எழுதினால் தொகை 108 ஆகிப் பிழை தெரிந்துவிடும். ஆனால் 1, 6 என்பதை 6, 1 என்று மாற்றினால் தொகை 90. அதுவும் 10-ஆல் வகுபடுகிறது, பிழை தப்பித்துவிடுகிறது. இலக்கங்களுக்கிடையே வேறுபாடு 5 ஆக இருந்தால் இந்த ஓட்டை உண்டு. 2006 வரை வழக்கில் இருந்த 10 இலக்க முறையில் இந்த ஓட்டை இல்லை. அதில் 10 முதல் 1 வரையான எண்களால் பெருக்கிக் கூட்டி, தொகை 11-ஆல் வகுபடுகிறதா என்று பார்த்தார்கள். எந்த இரண்டு வெவ்வேறு இலக்கங்கள் இடம் மாறினாலும் அகப்படும். 11-ஐக் கொண்டு கணக்குப் போட்டதால் சில புத்தகங்களுக்குச் சரிபார்ப்பு இலக்கம் 10 என்று வந்துவிடும், அதை ஒரே இடத்தில் எழுத ரோமானியப் பத்தைக் குறிக்கும் எக்ஸ் என்ற எழுத்தை வைத்தார்கள். பழைய புத்தகங்களில் எண்ணின் முடிவில் அந்த எழுத்து நிற்பது இதனால்தான். 2007 ஜனவரி 1 முதல், எல்லாப் பொருள்களின் மீதும் இருக்கும் 13 இலக்கப் பட்டைக்குறியோடு ஒத்துப்போவதற்காகப் புத்தகங்களும் புதிய முறைக்கு மாறிவிட்டன.